பாறைக்கும் ஒரு பருவம் உண்டு



சென்ற வாரம் என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து பேசினான். வார இறுதி வந்தால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறக் கிளம்பிவிடுகிறவன் அவன். பழனி மலையின் மேற்கு ஓரத்தில், அதிகம் பேர் அறியாத ஒரு செங்குத்துப் பாறையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிப்ரவரியில் நண்பர்களோடு போய் ஏறுவதாகத் திட்டம். அனுமதி கேட்டுப் போன இடத்தில், "இப்போது வேண்டாம் தம்பி, வரையாடு குட்டி போடுகிற நேரம். இரண்டு மாதம் கழித்து வந்து கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஏன் மாமா, மலைக்குக்கூட லீவு விடுவாங்களா?" என்று சிரித்தான். சிரிப்புக்குள் கோபம் இருந்தது. நியாயம்தான், லீவு சொல்லி டிக்கெட் எடுத்தவனுக்குக் கோபம் வராதா?

போனில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், சொந்த மருமகனுக்கு இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லி முடித்தால் எப்படி? அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் அந்த ஆட்டின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். வரை என்றால் மலை, மலையின் செங்குத்துப் பக்கம். அந்த வரையில் வாழும் ஆடு வரையாடு. சங்க இலக்கியத்தில் வருகிற வருடை என்ற மலையாடும் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. ஆங்கிலேயர் இதற்கு நீலகிரியின் பெயரை வைத்தார்கள். ஆனால் நீலகிரியில் இருப்பது ஒரு பகுதிதான். ஆனைமலை, மூணாறு பக்கத்து உயர்மலைகள், நம் பழனி மலை, தெற்கே அகத்தியர் மலை வரைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இது வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்பது உங்களுக்கே தெரியும். பரீட்சையில் ஒரு மார்க் கேள்வியாகப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அடுத்து இன்னொரு சொல்: மால்பு. இதை உங்களில் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். செங்குத்துப் பாறையில் தேன் எடுப்பதற்காகச் சார்த்தும் மூங்கில் ஏணிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. மூங்கிலின் கணுக்களையே படியாக வைத்து ஏறுவதால் கண்ணேணி என்றும் சொல்வார்கள். மலைபடுகடாத்தில், குரங்கே ஏற முடியாமல் கைவிட்ட உயர்ந்த பாறையில் மால்பைப் பாதையாகக் கொண்டு மனிதர்கள் தேன் எடுக்கும் காட்சி வருகிறது. பாரியின் மலையைப் பாடும்போது கபிலரும் புறநானூற்றில் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார். ஆக, பாறை ஏறுவது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த விளையாட்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈராயிரம் வருடத்துக்கு முன்பே அதற்குத் தனிச் சொல் வைத்திருந்தோம்.

பழனி மலையில் இந்த வித்தையை விடாமல் வைத்திருந்தவர்கள் பளியர்கள். மலைத்தேனீ, உயரமான மரக்கிளையிலும் பாறையின் நெற்றியிலும் பெரிய பெரிய அடைகளாகக் கட்டும். ஒரே பாறைக்கு வருடம் தவறாமல் திரும்பி வரும். பூக்காலம் முடிந்தால் கூட்டத்தோடு வேறிடம் போய்விடும். எனவே தேனெடுப்புக்கு ஒரு காலம் உண்டு. அடையில் தேன் சேர்வது மேல்பக்கம், புழுக்கள் வளர்வது கீழ்ப்பக்கம். முன்னதாகப் போனால் புழுதான் இருக்கும், தாமதமாகப் போனால் வெறும் மெழுகுதான் மிஞ்சும். நாள் பார்த்துத்தான் ஏற வேண்டும். மற்ற நாட்களில் அந்தப் பாறையில் யாருக்கும் வேலை கிடையாது. இதைச் சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வயிற்றுப்பாடே அப்படி ஒரு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது.

இங்கே ஒரு சுவையான செய்தி. கொடியையோ கயிற்றையோ பிடித்துத் தொங்கித் தேன் எடுக்கிறவருக்கு மேலே நின்று பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நீலகிரியின் தேனெடுக்கும் பழங்குடிகளிடம், அந்த ஆள் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. காரணம் எளிது. கயிற்றை விட்டால் விதவையாவது அவன் சொந்தத் தங்கை. மருமகனிடம் இதைச் சொன்னபோது, "எங்க கிளப்பிலயும் கயிறு பிடிக்கறவங்களைத்தான் மாமா முதல்ல நம்பணும்" என்றான். அவன் அப்பாவுக்கு நான்தான் மச்சான் என்பதால், இந்தத் தகவல் எங்கள் வீட்டில் நல்ல சிரிப்பை உண்டாக்கியது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளகவி வழியாக மேலே ஏறினார். அந்த வெள்ளகவியில் இன்றும் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வருகிறவர்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1845-ல் மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் உறவுகளைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்சு துரை ஏரியை உண்டாக்கினார். பிறகு பள்ளிக்கூடம், தேவாலயம், படகுக் குழாம் எல்லாம் வந்தன. கூடவே துப்பாக்கியும் வந்தது.

வெள்ளைக்கார வேட்டைக்காரர்களுக்கு வரையாடு ஒரு கௌரவம். அது மேய்வது புல்வெளியில் என்றாலும், சிறுத்தையோ செந்நாயோ வந்தால் பாறை முகத்துக்குத் தாவிவிடும். அங்கே அதைப் பின்தொடர எந்த மிருகத்தாலும் முடியாது. அதன் கோட்டையே பாறைதான். ஆனால் எதிர் மேட்டிலிருந்து வரும் தோட்டாவுக்கு எதிராக அந்தக் கோட்டை என்ன செய்யும்? சில பத்தாண்டுகளில் ஆடுகள் வெகுவாகக் குறைந்தன. சுடுவதற்கு இனி எதுவும் மிஞ்சாது என்ற பயம் சுட்டவர்களுக்கே வந்தது. நீலகிரியில் 1877-ல் வேட்டைக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். 1879-ல் சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட மாதங்களில் வேட்டை கூடாது என்ற விதி நம் பக்கத்து மலைகளில் எழுத்தில் ஏறியது அப்போதுதான்.

இதைக் கவனியுங்கள். அந்த மூடல் விலங்கின் மேல் கொண்ட இரக்கத்தால் வந்ததில்லை. அடுத்த வருடமும் சுட வேண்டும், அதற்காக இந்த வருடம் கொஞ்சம் குட்டி பிழைக்கட்டும் என்ற கணக்கு. பளியர் தேனுக்காகக் காத்திருந்ததும் ஒரு வகையில் கணக்குதான். ஆனால் பளியருக்கு அது சோறு, துரைக்கு அது சுவரில் மாட்டும் கொம்பு.

மூணாறு பக்கத்தில் கதை இன்னும் விசித்திரம். தேயிலைத் தோட்டக்காரர்கள் இரவிகுளம் பீடபூமியைத் தங்கள் வேட்டை நிலமாக ஒதுக்கி வைத்தார்கள். 1928-ல் உயர்மலை வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் அதன் பொறுப்பை ஏற்றது. காவலுக்கு நியமிக்கப்பட்டவர்கள் முதுவான் பழங்குடியினர். சுற்றிலும் மலைகள் தேயிலையாக மாறியபோது இந்த ஒரு பீடபூமி மட்டும் புல்லாகவே நின்றது. 1971-ல் கேரள அரசு சட்டம் போட்டுத் தோட்டக் கம்பெனியிடமிருந்து நிலத்தை மீட்டது. 1975-ல் அது சரணாலயம் ஆனது, 1978-ல் தேசியப் பூங்கா. இன்று உலகத்திலேயே வரையாடு அதிகமாக வாழும் இடம் அதுதான். 2025 கணக்கெடுப்பில் அங்கே மட்டும் 800-க்கு மேல்.

அந்தப் பூங்காவின் ராஜமலைப் பகுதிக்கு நம்மில் பலர் பஸ்ஸில் போய்வந்திருப்போம். அங்கே ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பயணிகளுக்குக் கதவு மூடப்படும். வரையாடு பொதுவாக மழைக்காலத்தில் இணை சேரும். ஏறக்குறைய ஆறு மாதச் சினை. ஜனவரி, பிப்ரவரியில் பெரும்பாலான குட்டிகள் பிறக்கும். பெரும்பாலும் ஒரு பிரசவத்துக்கு ஒரே குட்டி. வெள்ளாடு மாதிரி இரண்டு மூன்று என்று போடாது. எனவே ஒரு குட்டி போனால் அந்தத் தாய்க்கு அந்த வருடமே போனது மாதிரி.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யோசிக்கிறேன். தகுதி இல்லை. ஒரு குற்ற உணர்ச்சிதான் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

1986, பிப்ரவரி கடைசி. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்குப் போகும் பழைய பாதையில் அப்போது ஜீப் போகும். பதினொரு மாணவர்களை இரண்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்களுக்கு நினைவிருக்கும். பேரிஜம் தாண்டி வெகுதூரம் போனபின், ஒரு திருப்பத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திக் கையைக் காட்டினார். கீழே பாறை விளிம்பில் எட்டு, ஒன்பது ஆடுகள். இரண்டு மூன்று குட்டிகள்.

பையன்கள் விசில் அடித்தார்கள். நான் அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. "இப்ப பாருங்கடா, எப்படி ஏறுதுன்னு" என்று சொல்லி நானே கையைப் பலமாகத் தட்டினேன். வாத்தியார் அல்லவா, செய்முறை விளக்கம்! மந்தை ஒரே பாய்ச்சலில் பாறைக்குள் இறங்கி மறைந்தது. ஒரு குட்டி மட்டும் தாவத் தெரியாமல் ஒரு திண்டில் நின்றுவிட்டது. கத்தியது. மெல்லிய குரல். பையன்கள் அமைதியாகிவிட்டார்கள்.

டிரைவர் மலைக்காரர். எனக்கு வயதில் இளையவர். திட்டவில்லை. "சார், வண்டியில ஏறுங்க. நாம போனாத்தான் தாய் திரும்பி வரும்" என்றார். ஏறினோம். தாய் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கழுகும் சிறுத்தையும் இருக்கிற இடம். நாற்பது வருடமாக அவ்வப்போது அந்தக் குரல் காதில் கேட்கும்.

மருமகன் ஒரு கேள்வி கேட்டான். "நாங்க கை தட்டமாட்டோம் மாமா. சத்தமே இல்லாம ஏறுவோம். அப்புறம் என்ன?" சரியான கேள்வி. பதில் இதுதான்: புல்வெளியில் மனிதனைப் பார்த்த ஆடு ஓடி ஒளிகிற இடம் பாறை. அந்தப் பாறையிலேயே மனிதன் தொங்கிக்கொண்டிருந்தால் அது எங்கே போகும்? நம் வீட்டு வாசலில் அந்நியன் நின்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். அவன் படுக்கையறையில் நின்றால்? சத்தம் போடாமல் நிற்கிறான் என்பதால் ஆறுதல் வருமா?

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு பாறை ஏறுகிறவர்களின் காசி, ராமேஸ்வரம். அங்கே பொரி வல்லூறு என்ற பறவை பாறை இடுக்கில் முட்டையிடும். டி.டி.டி. பூச்சிமருந்து உணவு வழியாக உடம்பில் ஏறி, முட்டை ஓடு மெலிந்து, தாய் உட்கார்ந்தாலே உடைய ஆரம்பித்தது. பள்ளத்தாக்கிலிருந்து அந்தப் பறவையே இல்லாமல் போனது. 1972-ல் அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 1978-ல் எல் கேப்பிட்டன் என்ற புகழ்பெற்ற பாறையில் மறுபடி ஒரு கூடு தென்பட்டது. அப்போது உதவிக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? பாறை ஏறுகிறவர்களே. கயிற்றில் தொங்கிக் கூட்டுக்குப் போய், மெலிந்த முட்டைகளை எடுத்துப் பத்திரமாகப் பொரிக்க அனுப்பி, பிறகு குஞ்சுகளைக் கொண்டுபோய்க் கூட்டில் விட்டார்கள்.

இன்று அங்கே மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை கூடு இருக்கும் பாறைகளில் ஏறத் தடை. மற்றப் பாறைகள் திறந்தே இருக்கும். கூடு இல்லை என்று உறுதியானால் தேதிக்கு முன்பே திறந்துவிடுகிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. மூடு என்றால் எல்லாவற்றையும் மூடு என்றில்லை. எங்கே, எதற்காக, எதுவரை என்று காரணத்தோடு சொன்னால் ஏறுகிறவனும் கேட்கிறான். அந்தப் பறவையின் நெருங்கிய உறவான ஷாஹீன் வல்லூறு நம் தென்னாட்டு மலைப்பாறைகளிலும் கூடு கட்டுகிறது. அதற்கும் வருடத்தின் முதல் மாதங்கள்தான் குஞ்சுப் பருவம்.

நம் பழனி மலைக்குத் திரும்புகிறேன். இங்கே துப்பாக்கியை விடப் பெரிய அடி மரத்தால் விழுந்தது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். மரம் நடுவது புண்ணியம் என்று நானே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மேல்மலையின் புல்வெளிகள் வெறும் தரிசு என்று நினைத்து, தோல் பதனிடவும் மரக்கூழுக்கும் வேண்டி வாட்டிலும் தைல மரமும் பைனும் சென்ற நூற்றாண்டில் வரிசை வரிசையாக நட்டார்கள். புல் போனது. மேய்ச்சல் போன இடத்தில் ஆடு எப்படி நிற்கும்? மிச்சம் இருப்பவை மேற்கு ஓரத்துப் பாறைச் சரிவுகளில் சின்னச் சின்னக் கூட்டங்கள். பெரிய மந்தையில் ஒரு குட்டி போனால் தாங்கும். பத்து ஆடு உள்ள கூட்டத்தில் தாங்காது. மருமகன் பார்த்து வைத்திருக்கும் பாறை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

காலம் கடந்தாலும் சில நல்லது நடந்திருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டுக்கு உச்சப் பாதுகாப்பைத் தந்தது. 1975-ல் நீலகிரியைச் சேர்ந்த வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் மலை மலையாக நடந்து எண்ணி, மொத்தம் 2,000-க்குச் சற்று மேல் இருக்கும் என்று கணக்குச் சொன்னார். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் சுமார் 609 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் தமிழக அரசு வரையாட்டுக்கென்றே 25.14 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தது. டேவிதார் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம். 2024-ல் தமிழ்நாட்டில் எண்ணியபோது 1,031. 2025-ல் கேரளாவும் நாமும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணியதில் இங்கே 1,303, அங்கே 1,365, மொத்தம் 2,668. உலகம் முழுக்க இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். நம் ஊர்த் திருவிழாவில் ஒரு பந்தியில் இதைவிட அதிகம் பேர் சாப்பிடுகிறார்கள்.

இந்த மாதங்களில் மலை மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நமக்காக. 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். எல்லாரும் நம் வீட்டுப் பிள்ளைகள் வயது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. புல் காய்கிற காலமும் குட்டிக் காலமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கதவு மூடும்போது யார் வெளியே நிற்கிறார்கள் என்பதும் வரலாறுதான். காட்டைச் சட்டம் எடுத்துக்கொண்டபோது, அந்தப் பாறைகளின் பருவத்தை அறிந்த பளியரும் அந்நியர்கள் ஆனார்கள். 2006-ன் வன உரிமைச் சட்டம்தான் தேன் உள்ளிட்ட சிறு வனப்பொருட்களின் மேல் அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. பொழுதுபோக்குக்கு ஏறுகிறவனுக்கும் பிழைப்புக்கு ஏறுகிறவனுக்கும் ஒரே பூட்டு போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். வகுப்பிலும் நான் அப்படித்தானே?

ஆகவே மாப்பிள்ளை, உன் கேள்விக்கு என் பதில்: ஆமாம், மலைக்கும் லீவு உண்டு. எப்போதும் இருந்திருக்கிறது. தேனுக்காக ஒரு காலம் காத்திருந்தோம், வேட்டைக்காக ஒரு காலம் காத்திருந்தார்கள். அந்த ஆட்டுக்காகவே காத்திருப்பது இப்போதுதான் வந்திருக்கிறது. இதுவரை வந்த மூடல்களில் நமக்கு ஒரு லாபமும் இல்லாதது இது. அதனால்தான் இதை மதிக்க வேண்டும் என்கிறேன்.

பழனியின் பழைய பெயர் பொதினி. அதை ஆண்ட பேகன், மயிலுக்குக் குளிருமே என்று தன் போர்வையைக் கொடுத்தவன். அந்த மயில் போர்வையைக் கேட்கவில்லை, அதைப் போர்த்திக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. ஆனாலும் ஈராயிரம் வருடமாக அவனை வள்ளல் என்கிறோம். உன்னிடம் யாரும் போர்வை கேட்கவில்லை. இரண்டு மாதம் தள்ளிப் போடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏப்ரலில் போய் மறுபடி கேள். முறைப்படி அனுமதி கிடைத்தால் போ. கிடைக்காவிட்டால் வேறு பாறை பார். கயிறு பிடிக்க நல்ல ஆளாகக் கூட்டிக்கொண்டு போ. எங்காவது ஒரு திண்டில் குட்டியும் தாயும் சேர்ந்து நிற்பதைக் கண்டால், தூரத்தில் நின்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் செய். படம் வேண்டாம். சேர்ந்து நின்றன என்று சொன்னால் போதும்.

எல்லாரும் நலமாக இருங்கள். வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்